வெள்ளாற்றின் இரு கரைகள்: புதுக்கோட்டைத் தனியரசின் நிலமும் மரபும்

புதுக்கோட்டை என்ற பெயரைச் சொல்லும்போது நாம் இரண்டு நிலப்பரப்புகளைக் குழப்பிக்கொள்கிறோம். 1974ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் தோன்றிய இன்றைய மாவட்டம் ஒன்று. 1948ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து மறைந்த தொண்டைமான் சமஸ்தானம் மற்றொன்று. அறந்தாங்கியும் ஆவுடையார்கோயிலும் மணமேற்குடிக் கடற்கரையும் மாவட்டத்தைச் சேர்ந்தவை. சமஸ்தானத்தைச் சேர்ந்தவை அல்ல. அவை தஞ்சை மாவட்டத்தில் இருந்தவை. சமஸ்தானத்திற்குக் கடலே கிடையாது. ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்னும் மூன்று தாலுக்காக்களைக் கொண்டு, நாற்புறமும் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளாகிய திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம் நிலங்களால் சூழப்பட்டு, நடுவில் ஒரு தீவுபோல் கிடந்த நாடு அது. பரப்பு ஏறத்தாழ 1,179 சதுர மைல். ஐரோப்பாவின் லக்சம்பர்க் நாட்டைவிடச் சற்றுப் பெரியது. நம் பழைய தஞ்சை மாவட்டத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. 1941ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை ஏறத்தாழ 4 இலட்சத்து 38 ஆயிரம்.

இச்சிறு நாட்டின் நிலத்தையும் மரபையும் பற்றி நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் எழுதப் பணித்தபோது முதலில் தயங்கினேன். கல்வெட்டறிஞரும் வரலாற்றுப் பேராசிரியரும் எழுத வேண்டிய பொருள் இது. எனினும், கவிதை எழுதுவோர் நிறைந்த வட்டத்தில், இந்த மண்ணைப் பற்றிப் பேசுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அதைப் பின்னர்ச் சொல்வேன்.

நிலத்தை முதலில் நோக்குவோம். திருச்சியிலிருந்து தெற்கே வருவோர் கீரனூரைத் தாண்டியவுடன் காண்பது காவிரிக் கரையின் பசுமை அன்று. செம்மண், இடையிடையே செம்பாறைத் திட்டு, பொட்டல், அதன்மேல் திடீரென எழுந்து நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றுகள். நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல், திருமயம், விராலிமலை என்று பெயர்களை அடுக்கும்போதே ஒன்று விளங்கும்: இந்நாட்டின் புகழ்பெற்ற இடங்கள் யாவும் பாறைகள். கிழக்கே ஆலங்குடிப் பக்கம் நிலம் தாழ்ந்து மணல் கலந்து, பலாவும் தென்னையும் செழிக்கும் தோட்டப் பகுதியாக மாறுகிறது. 2018ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் வேரோடு சாய்த்த மரங்கள் அப்பகுதியினவே.

ஆறுகள் உண்டு, ஆனால் அவற்றை ஆறு என்று சொல்லக் காவிரிக் கரையார் சம்மதிக்க மாட்டார். வெள்ளாறு, அக்கினியாறு, பாம்பாறு, கோரையாறு எல்லாம் ஐப்பசி கார்த்திகையில் சில நாள் ஓடி, மற்ற நாளில் மணலாய்க் கிடப்பவை. ஆயினும் வெள்ளாறு வெறும் மணலாறு அன்று. சோழ நாட்டிற்கும் பாண்டிய நாட்டிற்கும் எல்லை என்று பழம்பாட்டுகள் குறிக்கும் ஆறு அது. அதன் வடபால் கோனாடு, தென்பால் கானாடு என்பது பொதுவாகச் சொல்லப்படும் பகுப்பு. எல்லையில் இருப்பவனுக்கு இரு பக்கத்துப் பேரரசும் உறவு. இரு பக்கத்துப் பேரரசும் அச்சம். இந்நாட்டு வரலாறு முழுவதையும் இந்த ஒரு நிலைமை ஆட்டிவைத்திருக்கிறது என்பது என் கருத்து.

ஆறு கைவிட்ட நிலத்தை மனிதர் எப்படிக் காப்பாற்றினர்? கண்மாய்களால், குளங்களால், ஊருணிகளால். மழைநீர் எந்தச் சரிவில் ஓடுகிறது என்று பார்த்து, அதன் குறுக்கே மண்கரை எழுப்பி, ஒரு கண்மாய் நிரம்பினால் கலிங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு நீர் போகுமாறு சங்கிலியாகக் கோத்திருக்கிறார்கள். புதுக்கோட்டை நகரை அடுத்த கவிநாட்டுக் கண்மாய் இவற்றுள் பெரியது. இக்கண்மாய்களின் நடுவே, நீர் வற்றிய கோடையில், இரண்டு கல்தூண்களும் அவற்றை இணைக்கும் பலகைக் கற்களும் தனியே நிற்பதைப் பலர் கண்டிருப்பீர். ஏதோ இடிந்த மண்டபத்தின் வாயில் என்று எண்ணிக் கடந்திருப்பீர். அதுதான் குமிழி. தூண்களுக்கு அடியில் கல்லால் ஆன தொட்டி; அதன்மேல் துளை; அதைக் கல்லோ கட்டையோ கொண்டு மூடித் திறப்பர். திறந்தால் நீர் சுழன்று குமிழியிட்டுக் கீழிறங்கிச் சுருங்கை வழியே கரைக்கு அப்பால் வயலுக்குப் போகும். நீர் போக நீரோடித் துளையும், அடியில் படியும் வண்டல் நீரோடு கரைந்து வெளியேறச் சேறோடித் துளையும் தனித்தனியே அமைத்த நுட்பம் வியப்புக்குரியது. தூர் வாருவது பற்றி இன்று நாம் ஆண்டுதோறும் பேசுகிறோம். தூரே சேராமல் இருக்க வழி தேடியவர் அவர்.

இத்தூண்களில் கல்வெட்டு உண்டு. குமிழி செய்து கொடுத்தவன் பெயர், அரசன் பெயர், ஆண்டு. சில இடங்களில் குளத்தைப் பேணுவதற்கென விடப்பட்ட குளப்பட்டி நிலம் பற்றிய குறிப்பு. கோயில் சுவரில் பெயர் பொறித்தவனைப் புகழ்கிறோம். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் தூணில், வறட்சி வந்தால் மட்டும் வெளியே தெரியும் இடத்தில், பெயர் பொறித்தவனை என்னவென்று சொல்வது?

இனி மனிதர் பக்கம் வருவோம். சங்க இலக்கியம் பயின்ற நம் அன்பர்களுக்குக் கோனாட்டு எறிச்சலூர் மாடலன் மதுரைக் குமரனார் புதியவர் அல்லர். புறநானூற்றில் பல பாடல்கள் அவருடையவை. பெயரின் தலையிலேயே நாட்டைச் சுமந்து நிற்கும் புலவர் அவர். எறிச்சலூர் இப்பகுதியிலுள்ள எரிச்சி என்று கருதுவோர் உண்டு. ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியனின் ஒல்லையூர், திருமயத்தை அடுத்த ஒலியமங்கலம் என்பர். அவ்வூர்க் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது, ஒல்லையூர் நாட்டில் முல்லை பூத்ததைக் குற்றமாகக் கேட்ட குடவாயில் கீரத்தனாரின் கையறுநிலைப் பாடலை (புறம் 242) அறியாத தமிழ்க் கவிஞர் இரார். அந்த முல்லை பூத்த மண் நம் மண் என்பதை அறிந்தவர் அத்தனை பேர் இல்லை.

நகருக்கு அருகிலுள்ள பொற்பனைக்கோட்டையில் வட்ட வடிவான மண்மதிலும் அகழியும் நெடுங்காலமாகவே கண்ணுக்குத் தெரிந்தவை. 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தாரும், 2023ஆம் ஆண்டில் மாநிலத் தொல்லியல் துறையினரும் அங்கே அகழாய்வு செய்தனர். செங்கல் கட்டுமானமும் பானை ஓடும் பொன்னால் ஆன சிறு அணியும் வெளிவந்தன. ‘புதுக்கோட்டை’ என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முன் ஒரு பழங்கோட்டை இருந்திருக்க வேண்டும் என்று என் ஆசிரியர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார். அவர் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

கொடும்பாளூரைப் பற்றி ஒரு தனி நூலே எழுதலாம். சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு மதுரைக்கு வழி சொல்லும்போது, கொடும்பை நெடுங்குளத்தின் கரையை அடைந்தால் அங்கிருந்து வழி சிவபெருமானின் சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்கிறான். குளத்தை அடையாளமாகச் சொல்லி வழிகாட்டுவது இன்றும் எங்கள் ஊர் வழக்கம். பெரியபுராணத்து இடங்கழி நாயனாரும் கோனாட்டுக் கொடும்பாளூரினர். பின்னர் இருக்குவேளிர் அவ்வூரில் ஆண்டனர். அவர்களுள் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்னும் தன் தேவியர் இருவர் பெயரிலும் மூன்று விமானங்கள் எடுத்தான். மூவர்கோயிலில் இன்று இரண்டு நிற்கின்றன. மூன்றாவது அடித்தளம் மட்டுமே. இருக்குவேளிர் சோழரோடு மணவுறவு கொண்டு, பாண்டியரோடும் பல்லவரோடும் போரிட்டு வாழ்ந்தவர். பெரிய அரசுகளுக்கு நடுவே சிறிய அரசு எவ்வாறு உயிர் தரிக்கும் என்பதற்கு அவர்களே முதல் எடுத்துக்காட்டு. எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் தொண்டைமான்கள் செய்ததும் அதுவே.

நார்த்தாமலையின் விசயாலய சோழீச்சுரத்தைச் சோழன் கட்டினான் என்றே பலரும் நினைக்கின்றனர். அங்குள்ள கல்வெட்டு, சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையன் எடுத்த கற்றளி மழையால் இடிந்தது என்றும், மல்லன் விடுமன் அதைப் புதுக்கினான் என்றும் சொல்கிறது. இருவரும் முத்தரையர் குடியினர் என்பது அறிஞர் முடிவு. சதுர விமானத்திற்குள் வட்டக் கருவறை. வெளியே எட்டுச் சிறு கோயில்கள். மாலை வெயிலில் அந்தப் பாறைச் சரிவில் அமர்ந்து பார்த்தவர், அதைக் கட்டியவன் அரசனா குறுநில மன்னனா என்று கேட்க மாட்டார். ஆனால் வரலாறு எழுதுவோன் கேட்கத்தான் வேண்டும். சிறியவர் கட்டியதும் பெரியவர் கணக்கில் எழுதப்படுவது நம் நாட்டில் புதிதன்று.

சித்தன்னவாசலைப் பற்றி மிகுதியாக எழுத வேண்டியதில்லை. எல்லாரும் சென்று வந்த இடம். தாமரைத் தடாக ஓவியத்தைப் பார்க்கும் ஆவலில் குன்றின் மேலேயுள்ள ஏழடிப்பட்டத்திற்கு ஏறாமல் திரும்புவோரே மிகுதி. அங்குள்ள 17 கற்படுக்கைகளும், அவற்றுள் ஒன்றின் பக்கத்திலுள்ள தமிழ்ப் பிராமி எழுத்தும் ஓவியத்திற்குப் பல நூற்றாண்டு மூத்தவை. கீழே அறிவர்கோயிலைப் புதுப்பித்தவன் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன். அச்செய்தியைச் சொல்லும் கல்வெட்டு, பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தது, செய்யுள் நடையில் அமைந்தது. ஓவியத்தைக் காக்கப் பாட்டெழுதி வைத்த ஆசிரியன் என்று கவிஞர்கள் அவனை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

குடுமியான்மலை மேலைக்கோயிலின் அருகே பாறையில் வெட்டப்பட்டுள்ள இசைக் கல்வெட்டு 1904ஆம் ஆண்டில் அறிஞர் கவனத்திற்கு வந்தது. கிரந்த எழுத்தில், ஏழு பண்களுக்குரிய சுரக் கோவைகள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. உருத்திராசாரியரின் மாணவனாகிய, சிவபத்தியுள்ள ஓர் அரசன் செய்வித்தது என்று அது கூறுகிறது. மகேந்திரவர்ம பல்லவனே அவ்வரசன் என்று நெடுநாள் எழுதி வந்தனர். அக்கருத்தை இன்று பலர் ஏற்பதில்லை. அரசன் பெயர் தெரியாமற் போயிற்று. இசை மட்டும் நின்றது. அப்பாறையிலிருந்து சில மைல் தொலைவில், பின்னாளில் மான்பூண்டியா பிள்ளையின் கைகளில் கஞ்சிரா கச்சேரி மேடைக்கு உரிய கருவியாயிற்று. தட்சிணாமூர்த்தி பிள்ளையின் மிருதங்கம் தென்னாடெங்கும் முழங்கிற்று. இரண்டிற்கும் தொடர்பு காட்ட என்னிடம் சான்றில்லை. சொல்லாமல் இருக்கவும் மனமில்லை.

தொண்டைமான்களின் எழுச்சி 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்தது. இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி, தொண்டைமான் குடும்பத்துப் பெண்ணாகிய காதலி நாச்சியாரை மணந்தார். அவருடைய உடன்பிறந்தாராகிய இரகுநாதராயத் தொண்டைமான், அதுவரை இங்கே ஆண்ட பல்லவராயரின் இடத்தைப் பெற்று, ஏறத்தாழ 1686 முதல் 1730 வரை ஆண்டார். திருமயம் கோட்டை அதே சேதுபதி 1687இல் கட்டியது. இந்த ஆட்சி மாற்றத்தில் கவிஞர்கள் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. தோற்ற குடியினர்க்குத் தமிழில் ‘சிவந்தெழுந்த பல்லவன் உலா’ இருக்கிறது. வென்ற குடியினர்க்கோ நுதுருபாட்டி வேங்கண்ணா தெலுங்கில் இயற்றிய ‘தொண்டைமான் வம்சாவளி’ இருக்கிறது. நாடு ஒருவருக்குப் போயிற்று. உலா மற்றவருக்கு நின்றது.

இரண்டாம் அரசர் காலத்தில், 1738ஆம் ஆண்டளவில், திருவரங்குளக் காட்டில் சதாசிவ பிரமேந்திரரை அரசர் கண்டார் என்பதும், மௌனியாகிய அவர் மணலில் மந்திரத்தை எழுதிக் காட்டினார் என்பதும், அம்மணலை அரண்மனையில் வைத்துப் பூசித்தனர் என்பதும் அரச குடும்பத்து வழக்கு. திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளே நாட்டின் தலைவி. அரசர் அவளுடைய அடியவர், ‘பிரகதாம்பாதாசர்’. வெறும் பட்டமாக இல்லாமல் அது காசிலும் ஏறிற்று. ஒரு புறம் அம்மன் உருவமும் மறுபுறம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்தும் கொண்ட செப்புக்காசு, அம்மன் காசு. அணாவிற்கு 20, ரூபாய்க்கு 320. நவராத்திரி நாள்களில் அரிசியோடு இக்காசும் சேர்த்து ஏழையர்க்கும் மறையவர்க்கும் வழங்குவர். ‘அரைக்காசு அம்மன்’ என்ற பெயர் அதனால் வந்தது. பொருள் காணாமற் போனால் அந்த அம்மனை வேண்டிக்கொண்டு வெல்லம் பிடித்து வைத்துத் தேடினால் கிடைக்கும் என்பது இன்றும் தமிழகமெங்கும் பெண்களின் நம்பிக்கை. என் பாட்டியின் சுருக்குப் பையில் அம்மன் காசு மூன்று இருந்தன. அரசு போன பின்னும் அவற்றை அவர் செலவழிக்க முடியாத பணமாக அல்ல, செலவழிக்கக் கூடாத பணமாக வைத்திருந்தார்.

முதலில் சொல்ல வந்த காரணத்திற்கு இப்போது வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வெளியூர்க் கவியரங்கம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். என்னை ஊர்ப்பெயரோடு மேடைக்கு அழைத்தவர், “கட்டபொம்மனைக் காட்டிக் கொடுத்த ஊரிலிருந்து வருகிறார்” என்றார். அவையினர் சிரித்தனர். அவர் பகையால் சொல்லவில்லை. 1959ஆம் ஆண்டுத் திரைப்படத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குப் புதுக்கோட்டை என்றால் அதுதான் நினைவு. நானும் சிரித்தேன். கவிதையைப் படித்துவிட்டு இறங்கினேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குள் நெடுநாள் நெருடிக்கொண்டே இருந்தது. எங்கள் ஊர்க் கவிஞர் பலருக்கு இவ்வனுபவம் உண்டு, வெளியே சொல்வதில்லை.

நடந்தது என்ன? 1799 செப்டம்பரில் பானர்மன் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது. கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறி வடக்கே வந்தார். புதுக்கோட்டை நாட்டுத் திருக்களம்பூர்ப் பகுதிக் காட்டில் விஜயரகுநாதத் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டு, கும்பினியாரிடம் ஒப்படைக்கப்பட்டார். அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் மருது சகோதரர்க்கு எதிரான போரிலும் தொண்டைமான் கும்பினியார் பக்கமே நின்றார். 1803இல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சார்ந்த நிலமும் புதுக்கோட்டைக்குக் கிடைத்தன. இவற்றை மறைக்க இயலாது, மறைக்கவும் வேண்டாம்.

எங்கள் பக்கத்தார் சிலர் கூறும் சமாதானம் ஒன்றுண்டு: பிடித்துத் தருமாறு கும்பினிக் கலெக்டரின் கட்டளை இருந்தது, மீற முடியாது என்பது. அது முழு விடை ஆகாது. மீறினால் என்ன நேரும் என்பதை அறிந்தே மீறியவர்கள் இருந்தார்கள். அதனால்தான் அவர்கள் வீரர் எனப்படுகின்றனர். மறுபக்கத்தார் கூறும் குற்றச்சாட்டும் முழுமையானது அன்று. காட்டிக் கொடுத்தல் என்பது தன் அணியில் இருந்தவன் செய்யும் செயல். தொண்டைமான் ஒருநாளும் கட்டபொம்மன் அணியில் இல்லை. 1750களில் திருச்சிராப்பள்ளி முற்றுகையிடப்பட்டபோதே, ஆர்க்காட்டு நவாபுக்கும் ஆங்கிலேயர்க்கும் உணவுப் பொருள் அனுப்பி உதவியவர் அக்குடியினர். ஐதர் அலி படையெடுத்தபோது அவரை எதிர்த்தவர். அரை நூற்றாண்டாக ஒரே பக்கத்தில் நின்ற ஓர் அரசு, 1799இலும் அதே பக்கத்தில் நின்றது. அது நன்றா தீதா என்பது வேறு. தஞ்சை, மைசூர், மதுரை, சேது நாடு என்று நாற்புறமும் வலியவரைக் கொண்ட எல்லை நாடு ஒரு வலியவரைத் தேர்ந்துகொண்டது. அந்தத் தேர்வின் விலையை வேறொருவர் கழுத்தால் கொடுக்க நேர்ந்தது. நான் இதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் திருக்களம்பூர்க் காட்டில் நடந்த ஒரு செயலைக் கொண்டு, எறிச்சலூர்க் குமரனார் முதல் இன்று வரையுள்ள ஒரு நாட்டையே ஒரு சொல்லால் அடையாளப்படுத்துவது வரலாறு ஆகாது என்று மட்டும் சொல்கிறேன்.

அந்தத் தேர்வினால் கிடைத்தது என்ன? கப்பம் கட்டாத தனியரசு என்ற நிலை. பின்னாளில் 11 பீரங்கி மரியாதை. இழந்தது என்ன? அமெரிக்க ஆய்வாளர் நிக்கோலஸ் டர்க்ஸ் இந்த ஒரு சமஸ்தானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, 1987இல் வெளியிட்ட நூலுக்கு உள்ளீடற்ற மணிமுடி என்று பொருள்படும் தலைப்பிட்டார். நிலம் வழங்குவதும் மரியாதை வழங்குவதுமே அரசனின் உயிராக இருந்த நாட்டில், ஆங்கிலேயர் நிழலில் கணக்கும் வரியும் பெருகப் பெருக, முடி இருந்தது, உயிர் குறைந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். கட்டபொம்மன் கதைக்கு எங்கள் ஊர் தேடும் விடை ஏதேனும் இருக்குமானால், அதன் ஒரு பகுதி அந்நூலில் இருக்கிறது. காப்பாற்றிக்கொண்டது எதுவோ அதுவே மெல்லக் கரைந்தது.

நகரைப் பற்றிச் சிறிது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெசிடெண்டு பிளாக்பர்னின் யோசனையின்படி தெருக்கள் நேராகவும் அகலமாகவும் திருத்தப்பட்டன. 1878இல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி 1894 வரை நிர்வாகத்தை நடத்தினார், குளங்களைச் சீர்செய்தார், அலுவலகங்களை எழுப்பினார். 1902இல் பிரதிநிதித்துவ சபை, 1924இல் சட்டசபை. மகாராஜா கல்லூரியில் ஆண்களோடு ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்ற எதிர்ப்பை மீறி மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் கொடுத்ததால் படித்தவர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறை ஒழிப்புக்கு அவர் செய்தது நாடறிந்தது. அதே அரசர் 1915இல் ஆஸ்திரேலியப் பெண்ணாகிய மாலி ஃபிங்க்கை மணந்து, ஆங்கிலேயர் அவரை அரசியாக ஏற்க மறுத்ததால் நாட்டை விட்டு வெளியேறி, 1928இல் பாரிசில் இறந்தார். இதைக் காதல் கதையாகப் பலர் எழுதிவிட்டனர், நான் விட்டுவிடுகிறேன்.

விடக்கூடாதது கல்வெட்டுப் பணி. ஒரு சிறு அரசு, தன் எல்லைக்குள் கிடைத்த ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகளின் மூலத்தைத் தொகுத்து 1929இல் அச்சிட்டது. 1940களில் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. 1910இல் அருங்காட்சியகம் அமைத்தது. கே.ஆர். வேங்கடராமையர் உருவாக்கிய சமஸ்தானக் கையேடு 1938 முதல் 1944 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்தது. தமிழ்நாட்டின் வேறெந்தச் சிறு பகுதிக்கும் இவ்வளவு நிறைவான ஏடு அக்காலத்தில் இல்லை என்பது என் கணிப்பு. கும்பினியோடு கூடி வாழ்ந்த அரசுதான் இதையும் செய்தது. பழியை எழுதுகிற கை இதையும் எழுத வேண்டும்.

தமிழுக்கு இந்நாடு தந்த இடம் பற்றியும் நம் வட்டத்தார் அறிய வேண்டும். பொன்னமராவதியை அடுத்த மேலைச்சிவபுரியில் 1909இல் சன்மார்க்க சபை தோன்றியது. பண்டிதமணி கதிரேசனாரின் தொண்டு அதோடு பிணைந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியில் தாள் கட்டுப்பாட்டால் புதிய இதழ் தொடங்குவது அரிதாயிற்று. சமஸ்தான எல்லைக்குள் அந்த நெருக்கடி தளர்ந்திருந்தது. அதனால் இச்சிற்றூரிலிருந்து இதழ்கள் பெருகின. குழந்தைகள் இதழ்களுக்கு இவ்வூரே தலைநகரம் போலாயிற்று. இராயவரத்து அழ. வள்ளியப்பாவின் மண்ணில் அது பொருத்தமே. கண்ணதாசன் 1944இல் இதழாசிரியராக முதலில் அமர்ந்தது இங்கிருந்து வந்த ‘திருமகள்’ இதழில். 1947இல் ‘பொன்னி’ இங்கே தோன்றி, பாரதிதாசன் பரம்பரைக் கவிஞர்கள் என்ற வரிசையில் இளங்கவிஞர்களை அறிமுகப்படுத்தியது. காட்டிக் கொடுத்த ஊர் என்று சிரித்த அந்த மேடைத் தலைவர், தாம் போற்றும் கவிஞர்களுள் எத்தனை பேர் இவ்வூர் அச்சகத்தில் முதன்முதல் மை கண்டனர் என்பதை அறிந்திருக்க மாட்டார். அன்று எனக்கும் தெரியாது. பின்னர்த் திருக்கோகர்ணத்து ஞானாலயா நூலகத்தில் பழைய இதழ்களைப் புரட்டும்போதுதான் தெரிந்தது.

1948 மார்ச்சில் இராஜகோபாலத் தொண்டைமான் நாட்டை ஒப்படைத்தார். அரண்மனைகளில் பெரிதாகிய புதிய அரண்மனை இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம். திங்கட்கிழமை தோறும் மனுவோடு வரும் மக்கள் அதன் முற்றத்தில் அமர்ந்திருக்கின்றனர். கடைசி அரசர் 1997இல் மறைந்தார்.

அரசு போனதற்கு நான் வருந்துவதில்லை. போகக்கூடாதவை வேறு. குன்றுகளைச் சுற்றிக் கல்லுடைக்கும் ஒலி கேட்டுக்கொண்டே இருக்கிறது. கண்மாய்களுக்கு நீர் வரும் சரிவுகளில் தைலமரம் நட்டு, வரப்பு வெட்டி, ஓடி வர வேண்டிய நீரை அங்கேயே தேக்கிவிட்டனர். காவிரியையும் வெள்ளாற்றையும் வைகையையும் குண்டாற்றையும் இணைக்கும் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் விராலிமலைப் பகுதிக் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினர். காவிரி நீர் இம்மண்ணுக்கு வருமானால் அது கோனாட்டின் ஈராயிரம் ஆண்டுக் கனவு. ஆனால் வருகிற நீர் தங்குவதற்குக் கண்மாய் இருக்க வேண்டும். கண்மாய்க்குக் குமிழி இருக்க வேண்டும். 1929ஆம் ஆண்டுத் தொகுப்பில் அச்சான கல்வெட்டுகளுள் சில இன்று ஏட்டில் மட்டுமே உள்ளன. கல் எங்கே என்று கேட்டால் ஊரார் கை காட்டுவது ஒரு பாலத்தையோ ஒரு படிக்கட்டையோ.

சென்ற கோடையில் எங்கள் ஊர்க் கண்மாய் வற்றியபோது, பள்ளிப் பிள்ளைகள் நால்வரை அழைத்துக்கொண்டு குமிழித் தூணருகே போனேன். வண்டலைத் துடைத்து, மாவு பூசி, எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தோம். தூண் செய்து கொடுத்தவன் பெயரின் பாதி சிதைந்திருந்தது. மீதியை ஒரு சிறுமி தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, “ஐயா, இவர் எங்க தெருவா?” என்று கேட்டாள்.